டெரிக் ஓங்கிய குச்சி

ஒரு பழைய ராக் பாட்டை ரயில்வே காலனியில் எல்லோரும் ஒரே கடையில்தான் கேசட்டில் பதிந்து வாங்கினார்கள். கடைக்காரரின் இசைத்தட்டு மெஷின் சற்று வேகமாகச் சுற்றும். அதனால் காலனி முழுக்க அந்தப் பாட்டு ஓட்டமும் நடையுமாகவே ஒலித்தது. டிரம்ஸ் வாசிக்கும் டெரிக் மட்டும் ஒரிஜினல் இசைத்தட்டைக் கேட்டவன். காலனி ஆண்டு விழாவில் அவன் அந்தப் பாட்டை நிதானமாக ஆரம்பித்ததும் ஹால் கொதித்தது.

“டேய் டெரிக், மத்தியானம் சாப்பிடலியா? வேகமா அடிடா!” என்றார் காலனியின் ராக் ரசிகர் மன்றத் தலைவர் ஞானசிகாமணி.

“பாட்டோட வேகமே இவ்ளோதான் அங்கிள்.”

“எங்களுக்கே சொல்லித் தர்றியா? வேகமா அடி, இல்ல எறங்கு. இனிமே உனக்கு மேடையே கிடையாது.”

டெரிக்குக்கு இருந்ததே அந்த ஒரு மேடைதான். இருந்தும் அவர்கள் கத்தக் கத்த வேகத்தை இன்னும் குறைத்தான். ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் முன்வரிசை வெளியே போய் டீ குடித்துவிட்டு வந்தது. கிட்டார்காரன் முகச்சவரம் செய்துகொண்டான். பின்வரிசையில் ஒரு பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயிற்று.

பிறகு டெரிக் குச்சியைத் தலைக்கு மேல் ஓங்கி அப்படியே நிறுத்தினான். தோள்பட்டை தீயாய் எரிந்தது. வீட்டுக்குப் போகலாமென்றால் ஒருவராலும் எழ முடியவில்லை. அடி விழாமல் எப்படிப் போவது?

“அடிச்சுத் தொலைடா ராஜா,” என்று ஞானசிகாமணி கெஞ்சினார். “உன் வேகத்துலயே அடி.”

“என் வேகத்துக்கு இன்னும் நேரம் இருக்கு அங்கிள்,” என்றான் டெரிக்.