வெறுப்புமானி

மேலத்தெருவில் பைக்கை இறங்கித் தள்ளாமல் ஓட்டிக்கொண்டு போனதற்காக இளவழகனை மூன்று பேர் அடித்தே கொன்றார்கள். அதைச் சாதி வெறுப்புக் குற்றமாகப் பதியச் சொல்லி அவன் அம்மா செங்கமலம் காவல் நிலையத்துக்கு வந்திருந்தாள்.

எல்லோர் மணிக்கட்டிலும் ஒரு பட்டை இருக்கும். மனதில் ஓடுவதை விடாமல் பதிவு செய்யும். மூவரின் பட்டைகளையும் இன்ஸ்பெக்டர் வெறுப்புமானியில் வைத்தார். திரையில் பச்சைக் கோடு ஆடாமல் ஓடியது.

“அடிக்கும்போது இவங்க யாருக்கும் கோபமே வரலம்மா. வயல்ல பூந்த மாட்ட விரட்டுற மாதிரிதான் அடிச்சிருக்காங்க. இதுல வெறுப்பு எங்க இருக்கு? சாதாரண அடிதடின்னுதான் போட முடியும்.”

“எம்புள்ள மாடாங்கய்யா?”

வெறுப்புமானியின் மேல் கையூன்றியபடி அவள் திரும்பிப் பார்த்தாள். பெஞ்சில் மூவரும் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவன் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தான்.

வெறுப்புமானி அலறியது. திரை முழுக்கச் சிவப்பு. இன்ஸ்பெக்டர் செங்கமலத்தின் கையிலிருந்த பட்டையைப் பார்த்தார்.

“பாத்தீங்களா சார், இவங்களுக்கு எங்க மேல எவ்வளவு வெறுப்புன்னு!” என்றான் டீ குடித்தவன்.

இன்ஸ்பெக்டர் புது வழக்கொன்றைத் திறந்து, அவனிடமே கேட்டார்.

“பாதிக்கப்பட்டவர் பேரு?”