பெருந்தேவி ஸ்டோர்

நகரத்தின் புதிய மாஸ்டர் பிளான் மேசை முழுக்க விரிந்திருந்தது. கடைகளுக்குச் சிவப்பு, வீடுகளுக்கு மஞ்சள். குடித்தனங்கள் கூடக் கூட மஞ்சளும் அடர்ந்துகொண்டே போகும். கையெழுத்துப் போடப்போன மைதிலியின் விரல், கோயில் குளத்துக்குத் தெற்கே ஒரு சிவப்புக் கட்டத்தில் நின்றது.

"இது எப்படிக் கடையாச்சு சேவியர்?"

"சர்வேக்குப் போனப்ப வாசல்ல 'பெருந்தேவி ஸ்டோர்'னு எழுதியிருந்துச்சு மேடம். பூட்டிக் கெடந்தது. கடைதானேன்னு..."

மைதிலி சிரித்துவிட்டாள். ஸ்டோர் என்றால் ஒரே வாசலுக்குள் வரிசையாக ஒண்டுக்குடித்தனங்கள் என்று அவனுக்கு யார் சொல்லியிருப்பார்கள்? எல்லோருக்கும் ஒரே குழாய். எந்த அடுப்பில் முதலில் சோறு வெந்ததோ அங்கே சின்ன வயது மைதிலி தட்டோடு உட்கார்ந்துவிடுவாள். கரண்ட் போனால் முற்றத்தில் பாய்கள் ஒட்டி ஒட்டி விரியும். காலையில் கண்விழித்தால் தலைக்கடியில் யார் வீட்டுத் தலையணையோ இருக்கும்.

"அது வீடு. நான் பொறந்ததே அங்கதான். மஞ்சளாக்கிடுங்க."

"நெறைய குடும்பம்னா அடர் மஞ்சள் மேடம். நாளைக்கே இடிச்சுட்டுப் பத்து மாடி எழுப்பலாம். எத்தனை குடும்பம் இருந்துச்சு?"

அவள் வரைபடத்திலிருந்து விரலை எடுக்கவில்லை.

"ஒண்ணுதான்" என்றாள்.