நாற்பத்தேழாம் எண்

“படகு காலிம்மா. நானே பாத்துட்டேன்,” என்றார் படகோட்டி. ஆனால் அவளுடைய திரையில் இன்னும் ஒரு பயணி மிச்சமிருந்தார்.

பயணிகள் ஏறும்போதும் இறங்கும்போதும் டிக்கெட்டை இயந்திரத்தில் காட்ட வேண்டும். கரை சேர்ந்ததும், இறங்கியவர்களின் எண்களை மட்டும் அவள் எழுதிய புரோகிராம் பட்டியலிலிருந்து எடுத்துவிடும். பட்டியல் காலியானால்தான் அடுத்த நடைக்குக் கதவு திறக்கும். முதல் நாளே நாற்பத்தேழாம் எண் நகர மாட்டேன் என்று உட்கார்ந்துகொண்டது.

வெளியே வரிசை வளர்ந்துகொண்டிருந்தது. நோட்டுப் புத்தகம் இருந்தவரைக்கும் இந்த வம்பெல்லாம் இல்லை என்று படகோட்டி காற்றிடம் சொல்வதுபோல அவளிடம் சொன்னார்.

பட்டியலை முன்னாலிருந்து எடுத்துக்கொண்டே போனால், பின்னால் இருப்பவை ஓரிடம் முன்னே நகரும். அப்போது புரோகிராம் ஓர் எண்ணைப் பார்க்காமலே தாண்டிப் போய்விடும். அந்தத் தப்பைச் செய்துவிட்டோமோ என்று திறந்து பார்த்தாள். இல்லை, ஒழுங்காகக் கடைசியிலிருந்துதான் எடுத்திருந்தாள்.

அவளுடைய குழுத் தலைவர் நேற்றே கிண்டலடித்திருந்தார். ஒவ்வொன்றாக எதற்கு, கரை வந்ததும் பட்டியலை ஒரே அடியாகத் துடைத்துவிட வேண்டியதுதானே என்று. அவள்தான் பிடிவாதம் பிடித்தாள். இப்போது அவரைப் போனில் கூப்பிட்டால் மணி அடித்துக்கொண்டே இருந்தது. முதல் நாளாயிற்றே, சீக்கிரமே வந்துவிடுவேன் என்றவர்.

படகுத்துறை மேலாளர் வந்து நின்றார். “மொத்தமா அழிக்க ஒரு பட்டன் இருக்குல்ல? அமுக்கி விடும்மா.”

விரல் பொத்தான் வரைக்கும் போய்த் திரும்பியது. “ஒரு நிமிஷம் சார். உள்ள போய்ப் பாத்துட்டு வந்துடறேன்.”

தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகப் படகோட்டியும் கூடவே வந்தார். கீழ்த்தளத்தில் பெஞ்சுகள் எல்லாம் காலி. மேல்தளத்தில் கயிற்றுச் சுருள்களும், மூலையில் குவித்துப் போட்டிருந்த லைஃப் ஜாக்கெட்டுகளும்தான்.

தோற்றுவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றியது. துடைத்துவிட அனுமதி கேட்கலாம் என்று குழுத் தலைவரை இன்னொரு முறை கூப்பிட்டாள்.

மூலையில் இருந்த குவியல் மணி அடித்தது.

படகோட்டி ஓரடி பின்வாங்கினார். ஜாக்கெட்டுகள் இரண்டு சரிந்து விழ, குழுத் தலைவர் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தார்.

“என்னம்மா, எல்லாரும் எறங்கிட்டாங்களா?”