இன்னொரு பிரேக்

"அவனுக்கு வழி விடாதீங்கம்மா! விட்டா நம்ம தலை மேலயே ஏறிப் போவானுங்க!"

டிரைவிங் வாத்தியார் போட்ட சத்தத்தில், தையல்காரம்மா ஸ்டியரிங்கை இன்னும் இறுக்கிப் பிடித்தார். கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்து ஒரு வாரம்தான் ஆகிறது. அதற்குள் அந்த அம்மா வாங்கிக் கட்டிக்கொண்டது கொஞ்சநஞ்சமல்ல.

பாலத்துக்கு முன்னால் வண்டிகள் அசையாமல் நின்றன. கார்களுக்கு நடுவே புகுந்து புகுந்து, சிவப்பு ஹெல்மெட் போட்ட ஒருத்தன் பைக்கில் வந்துகொண்டிருந்தான். சும்மா வந்தானா? ஒவ்வொரு கார்க் கண்ணாடியையும் தட்டிக்கொண்டே வந்தான்.

"கொழுப்பைப் பார்த்தீங்களா? வரிசையில நிக்கிறவன் எல்லாம் கேனயன், இவருக்கு மட்டும்தான் அவசரம். சந்துல புகுந்து வர்றதே தப்பு. இதுல கண்ணாடியை வேற தட்டுறார் துரை!"

இப்போது இவர்கள் கண்ணாடியையும் தட்டினான். ஓரமாகப் போகச் சொல்லிக் கையைக் காட்டி ஏதோ கத்தினான். உள்ளே ஏசி ஓடிக்கொண்டிருந்தது. வாத்தியார் வாயும் ஓடிக்கொண்டிருந்தது. ஒன்றும் கேட்கவில்லை.

"ஏதோ சொல்றாரே சார், கண்ணாடியை இறக்கட்டுமா?"

"கையை எடுங்க! உங்களுக்குச் சொல்லித் தர்றது நானா, அவனா?"

அந்த அம்மாவுக்கு மனசு கேட்கவில்லை. மெல்ல ஓரம் ஒதுங்கப் பார்த்தார். வாத்தியார் விடுவாரா? பயிற்சிக் கார் ஆச்சே, அவர் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓங்கி மிதித்தார். கார் குலுங்கி அணைந்தது.

"இப்ப எப்படிப் போறான்னு பார்க்கறேன்!" என்று மீசையைத் தடவிக்கொண்டார்.

அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. ஆம்புலன்ஸ்.

திரும்பிப் பார்த்தார். பின்னால் நின்ற கார்களெல்லாம் இரண்டு பக்கமும் ஒதுங்கி, நடுவே ஒரு பாதை திறந்திருந்தது. அந்தப் பாதையை மறித்துக்கொண்டு ஒரே ஒரு கார் நின்றது. கூரையில் 'எல்' போர்டு வைத்த கார்.

வாத்தியார் சீட்டின் நுனிக்கு வந்தார். ஆம்புலன்ஸுக்கு வழி விடுவதுதான் அவர் சொல்லித் தரும் முதல் பாடமே.

"ஒதுங்கும்மா! ஒதுங்கு! உசிரு போற விஷயம்!"

தையல்காரம்மா சாவியைத் திருப்பினார். கிளட்சை விட்டதும் வண்டி அணைந்தது. மறுபடியும் திருப்பினார். மறுபடியும் அணைந்தது. சிவப்பு ஹெல்மெட் பைக்கை நிறுத்திவிட்டு ஓடி வந்து, இன்னும் மூன்று பேரோடு பின்னாலிருந்து தள்ளினான். கார் அசைவேனா என்றது.

"நியூட்ரலுக்காவது கொண்டு வாங்களேன்மா! கை என்ன, பொம்மைக் கையா?"

"நியூட்ரல்லதான் சார் இருக்கு."

கடைசியில் பக்கத்து வேன்காரர் நடைபாதை மேல் ஏற்றி வழி விட்டார். ஆம்புலன்ஸ் உரசாத குறையாகக் கடந்து போனது. உள்ளே ஒருவர் படுத்திருந்தவரின் நெஞ்சை விடாமல் அமுக்கிக்கொண்டிருந்தது பின் கண்ணாடியில் தெரிந்தது.

வாத்தியாருக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. எங்கே பார்ப்பதென்றே தெரியவில்லை.

தையல்காரம்மா கண்ணாடியை இறக்கினார். பின்னாலிருந்து வந்தவன் திட்டப் போகிறான் என்றுதான் இருவரும் நினைத்தார்கள்.

"பயந்துட்டீங்களாக்கா? புதுசுல அப்படித்தான். விடுங்க," என்றான் சிவப்பு ஹெல்மெட்.

"உள்ள இருக்கறது உங்க சொந்தமாப்பா?"

"யாருன்னே தெரியாதுக்கா. மாட்டிக்கிட்டு நின்னாங்க. அதான் முன்னாடி வந்து வழி கேட்டேன்."

"தப்பு என்னோடதுதாம்ப்பா. எனக்கு இன்னும் பழகலை."

'நான்தான் விட வேண்டாம்னேன்' என்று சொல்ல வாத்தியார் வாயைத் திறந்தார். அதற்குள் அவன் பைக்கை எடுத்து, மறுபடி சந்தில் புகுந்து முன்னால் போய்விட்டான்.

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது வாத்தியாருக்கு. ஆனாலும் பாழும் மனசு சமாதானம் தேடியது. வழி விடாதது நான்தான், சரி. அத்தனை தடவை வண்டியை அணைத்தது இந்த அம்மாதானே?

பின்னால் ஹாரன்கள் அலறின.

"வண்டியை எடுங்கம்மா," என்றார் தொண்டையைச் செருமிக்கொண்டு.

"எடுத்துடலாம் சார்." தையல்காரம்மா அவர் முகத்தைப் பார்க்காமல் மெதுவாகச் சொன்னார். "இப்பவாவது உங்க பிரேக்கிலேருந்து காலை எடுங்க."