இருபத்தேழாவது குண்டம்

"மெதுவாப் போகாதீங்க. ஒரே ஓட்டமா ஓடிருங்க," என்றாள் நஞ்சம்மா.

கரியப்பன் மனைவியைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஈர மஞ்சள் வேட்டி தொடையோடு ஒட்டிக் கிடந்தது. கையில் வேப்பிலைக் கொத்து. எதிரே, மாரியம்மன் கோயில் வாசலில் பதினைந்தடி நீளத்துக்குத் தணல் நிரப்பிய குண்டம். பூசாரி முறத்தால் விசிற விசிறச் சிவந்தது.

வரிசையில் அவருக்கு முன்னால் ஒன்பது பேர். எல்லாரும் ஹெப்பாளில் கம்பெனி வேலைக்குப் போகிறவர்கள். அறுபத்தெட்டு வயதில் நின்றவர் அவர் ஒருத்தர்தான்.

"பெருசு, ஆம்புலன்சுக்குச் சொல்லி வெச்சிருக்கோம்," என்றான் முன்னால் நின்ற உதயகுமார்.

"நீயே ஏறிக்கடா. ஏசி பஸ்ஸுல போய்ப் பழகின காலு உன்னுது."

இன்றைக்கு இறங்கக் கூடாது என்று சொல்லாத ஆள் இல்லை. மகள் சொன்னாள், மருமகன் சொன்னான், மருந்துக் கடைக்காரன்கூடச் சொன்னான். முதலில் சொன்னது ஆஸ்பத்திரியில் அந்தச் சின்ன வயசுக் கன்னட டாக்டரம்மா, வைஷாலி.

அவரைப் படுக்க வைத்து, கண்ணை மூடச் சொன்னாள். உள்ளங்காலை நைலான் இழையால் தொடுவேன், தெரிந்தால் சொல்லுங்கள் என்றாள்.

"தெரியுது," என்றார் கரியப்பன். கொஞ்சம் பொறுத்து, "இப்பவும் தெரியுது."

"நான் இன்னும் தொடவே இல்ல, அஜ்ஜா."

பக்கத்துக் கட்டில்காரன் சிரித்துத் தொலைத்தான்.

காலில் உணர்ச்சி போய்விட்டது, முள் குத்தினாலும் தெரியாது, சர்க்கரை பல வருஷமாக இருந்திருக்கும் என்றாள் டாக்டரம்மா. நெருப்புப் பக்கம் போனால் காலையே எடுக்க வேண்டிவரும் என்றாள். ரத்தத்தைப் பார்த்து மூன்று மாதச் சர்க்கரைக் கணக்கும் சொன்னாள். மூன்று மாதத்துக்கு முன்னால் தின்றது தனக்கே நினைவில்லை, ரத்தத்துக்கு மட்டும் எப்படி நினைவிருக்கும் என்று கேட்டுவிட்டு, வேட்டியை உதறிக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார். காப்புக் கட்டிய நாளிலிருந்து மாத்திரையையும் தொடவில்லை.

நாற்பது வருஷம் செங்கல் அடுக்கிய மனுசன். சுவர் கோணினால் கண்ணுக்குத் தெரியும். ரத்தத்துக்குள் கோணுவதை எவன் பார்த்தான்? இந்தத் தெருவில் ஒரு காலத்தில் மூன்றே பேருக்குத்தான் சர்க்கரை. மருந்துக் கடை வந்தது. இப்போது வீட்டுக்கு ஒருத்தர். கடை முதலில் வந்ததா, வியாதி முதலில் வந்ததா?

அப்புறம் அய்யாவு. கொள்ளேகாலிலிருந்து அவரோடு ஒரே பஸ்ஸில் வந்து, ஒரே சாரத்தில் நின்று வேலை பார்த்தவன். வருஷா வருஷம் அவருக்குப் பின்னாலேயே குண்டம் இறங்கியவன். சர்க்கரை என்றதும் பயந்துபோனான். எழுதிக் கொடுத்த மருந்தையெல்லாம் வாங்கினான். தினம் இரண்டு ஊசி. ஊரில் இருந்த அரை ஏக்கர் அதற்கே போயிற்று. போன வருஷம் குண்டம் இறங்கிய பிறகு ஒரு கொப்புளம். அதைக் காட்டப் போனவனிடம் முழங்காலுக்குக் கீழே மொத்தமாக வாங்கிக்கொண்டார்கள். இதோ, குண்டத்தின் அந்தக் கோடியில், பிளாஸ்டிக் நாற்காலியில் ஊன்றுகட்டையோடு உட்கார்ந்திருக்கிறான்.

அதைப் பார்த்த பிறகும் அவரை ஆஸ்பத்திரிக்குப் போ என்கிறார்கள்.

பூசாரி முதுகில் தட்டினார்.

கரியப்பன் இறங்கினார்.

ஓடவில்லை. மற்றவர்கள் நாலு தாவலில் தாண்டிய நெருப்பை அவர் கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி நடந்து கடந்தார். நடுவில் ஒரு தடவை நின்றார். நின்று, வேப்பிலைக் கொத்தைத் தலைக்கு மேல் தூக்கினார்.

கூட்டம் அலறியது. பெண்கள் குலவையிட்டார்கள். செல்போன்கள் எல்லாம் அவர் பக்கம் திரும்பின. உதயகுமார் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

பால் ஊற்றிய குழியில் காலை வைத்து மேலே ஏறியதும், நாற்காலியில் இருந்த அய்யாவு எட்டி அவர் முழங்கையைப் பிடித்தான்.

"டேய் கரியா, சுட்டுச்சாடா?"

பக்கத்தில் இருந்தவர்கள் திடுக்கிட்டார்கள். குண்டம் இறங்கியவரிடம் கேட்கக் கூடாத கேள்வி அது. விரதம் பிசகியவனைத்தான் அம்மன் சுடுவாள் என்பது அங்கே எல்லாருக்கும் தெரியும். இறங்கியவன் எவனும் சுட்டது என்று இதுவரை சொன்னதில்லை.

அய்யாவு பிடியை விடவில்லை. கேலியாகக் கேட்கிற முகம் இல்லை அது.

"சுட்டுச்சு," என்றார் கரியப்பன். பிறகு கூட்டத்துக்கே கேட்கும்படி, "நல்லாவே சுட்டுச்சு! பச்சக் கொழந்தக் காலைச் சுடற மாதிரி சுட்டுச்சு! போய்ச் சொல்லுங்கடா அந்த டாக்டரம்மாகிட்ட!"

குலவை நின்றுபோனது.

பூசாரி அவர் கையில் கட்டியிருந்த காப்பையே பார்த்தார். பின்னால் யாரோ கறி, சாராயம் என்று முணுமுணுத்தார்கள். எட்டு நாளும் குளித்து முழுகி விரதச் சோறு பொங்கிப் போட்ட நஞ்சம்மா, முந்தானையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டாள்.

கரியப்பன் தலையைக் குனியவில்லை.

இருபத்தாறு வருஷம் அந்தக் குண்டம் அவரைச் சுட்டிருக்கிறது. ஒவ்வோர் அடிக்கும் சுட்டிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பூ மேல் நடந்த மாதிரி இருந்தது என்று ஊருக்குச் சொல்லிவிட்டு, நஞ்சம்மாவுக்கும் தெரியாமல், குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு பச்சைத் தண்ணீரில் காலை விட்டுப் பல்லைக் கடித்து உட்கார்ந்திருக்கிறார்.

இந்த வருஷம்தான் சுடவில்லை.