கண்ணில் விழுந்த வெளிச்சம்

என் மகளின் படம் டி.வி. திரை முழுக்க வந்ததும் நாத்தனார் வாயைப் பிளந்தாள்.

"ஸ்டூடியோவில எடுத்ததா அண்ணா?"

"நம்ம ஹால்லதான். பிளாஷே கிடையாது, வெறும் ஜன்னல் வெளிச்சம்" என்றார் என் கணவர். "குழந்தையை ஜன்னலைப் பார்த்து உட்கார வைக்கணும். நாமளும் அவ உயரத்துக்குக் குனியணும். முதுகே விட்டுப்போயிடும்."

துவைத்த துணி மலையாய்க் குவிந்திருந்தது. நான் தரையில் உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தேன். இன்றைக்குள் முடிகிற மாதிரி தெரியவில்லை.

"இந்த வாலு எப்படிண்ணா இவ்வளவு அமைதியா உட்கார்ந்தா?"

"பொறுமை வேணும்மா. ஞாயித்துக்கிழமைதானேன்னு இழுத்துப் போர்த்திக்கிட்டுத் தூங்கினா இதெல்லாம் வருமா?"

"நீங்களும் அண்ணனுக்கு ஒரு கை குடுத்திருக்கலாமே அண்ணி?"

எனக்குக் கொட்டாவிதான் வந்தது. அடுத்த சட்டையை எடுத்தேன்.

"படத்துக்கு உயிரே கண்ணுதான். உள்ள ஜன்னல்கூடத் தெரியும் பாரு" என்று அவர் திரையில் மகளின் ஒரு கண்ணை மட்டும் பெரிதாக்கிக்கொண்டே போனார்.

ஜன்னல் தெரிந்தது. அதற்கு முன்னால், செல்போனைப் பிடித்தபடி முட்டி போட்டிருந்த ஒரு கொண்டைக்காரி தெரிந்தாள். ஜன்னலடி சோபாவில் மல்லாந்து கிடந்த ஒரு தொந்தியும் தெரிந்தது.

நாத்தனார் என் கொண்டையைப் பார்த்தாள். பிறகு அண்ணனின் தொந்தியைப் பார்த்தாள்.

அவள் மடியிலிருந்த என் மகள் திரையைக் காட்டி, அன்று நான் சொல்லிக்கொடுத்தபடியே உதட்டில் விரலை வைத்தாள்.

"உஷ்! அப்பா தூங்குது."