வரிசையில் ஒரு காலி இடம்

"ஹெர்பர்ட்."

காலை ஆறு மணிக்குக் காவலாளிகள் வரிசையில் நிற்கும் ஃபால்-இன்னில் சூப்பர்வைசர் அசோகன் பெயர் கூப்பிட்டார். பதில் இல்லை.

முன்வரிசையில் மூன்றாவது இடம் காலியாக இருந்தது. அதையே பார்த்தபடி பத்து விநாடி நின்றார். செக்யூரிட்டி ஆட்கள் ஒருவரும் அசையவில்லை.

அன்றுதான் வேலைக்குச் சேர்ந்த முனிராஜ், பக்கத்தில் நின்ற கோவிந்தப்பாவிடம் கிசுகிசுத்தார். "யாருண்ணா ஹெர்பர்ட்? லேட்டா?"

"செத்து எட்டு மாசம் ஆச்சுப்பா. மூணாம் கேட்லதான் உயிர் போச்சு. உனக்கு அந்த கேட்தான்."

பட்டாளத்தில் இருந்தபோது பனிமலையில் பிணம் சுமந்து இறங்கியவர் முனிராஜ். இருந்தும் முதுகு சில்லிட்டது.

பக்கத்தில், கட்டடத்தின் லாபியில் தரை துடைத்துக்கொண்டிருந்த பெண், அந்தப் பெயர் காதில் விழுந்ததும் மாப்பை நிறுத்தியிருந்தாள். பத்து விநாடி கழித்துத்தான் மறுபடி துடைத்தாள்.

"ஹெர்பர்ட் சம்சாரம், லவினா. அவ காதுல விழணும்னே கூப்பிடறார்ப்பா. கல்நெஞ்சு," என்றார் கோவிந்தப்பா.

அசோகன் பையிலிருந்து மடிப்பு நைந்த ஒரு காகிதத்தை எடுத்துப் படித்தார். "முன்னாள் ராணுவத்தினர் கவனத்துக்கு. ஓய்வுக்குப் பிறகு கல்யாணம் செய்தவர்களும் மனைவி பெயரை ரெக்கார்டில் சேர்க்கலாம். வைத்திய அட்டை உண்டு. கணவர் காலத்துக்குப் பின் குடும்பப் பென்ஷன் உண்டு."

பிறகு நிமிர்ந்து சொன்னார். "அலையறதுக்கு லீவு நான் தரேன்."

முனிராஜுக்குச் சுருக்கென்றது. ஒக்கலிபுரம் வீட்டில் அவர் மனைவி சுனிதா நாலு படி ஏறினால் மூச்சு வாங்க உட்கார்ந்துவிடுவாள். இதய வால்வு மாற்ற வேண்டும் என்று டாக்டர் சொல்லி ஒரு வருஷம் ஆகிறது. பென்ஷன் வந்த பிறகு கட்டினவளுக்கு ஒன்றும் கிடையாது என்று யாரோ சொன்னதை ஒன்பது வருஷமாக நம்பிக்கொண்டிருந்தார்.

மறுநாளும் அதே பெயர், அதே மௌனம், அதே காகிதம். அதற்கடுத்த நாள் முனிராஜ் தெரியாமல் மூன்றாவது இடத்தில் நின்றுவிட்டார்.

"தள்ளி நில்லுங்க," என்றார் அசோகன் மெதுவாக. "அங்க ஆள் இருக்கு."

லாபியில் மாப் நின்றிருந்தது.

முனிராஜ் அன்றே லீவு எழுதிக் கொடுத்தார்.

ஐந்து மாதம் கழித்து, சுனிதா ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியதும், முனிராஜ் அசோகனின் அறைக்குப் போனார்.

"உங்களாலதான் சார் அவ பொழச்சா. ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க. செத்தவரை விட்டுடுங்க. அந்தம்மா பாவம்."

அசோகன் மேஜை டிராயரை இழுத்தார். காலியாக இருந்தது.

"தினம் நான் படிக்கிற பேப்பர் ஹெர்பர்ட் சாகறதுக்கு ஆறு மாசம் முன்னாடியே வந்துச்சு. போர்டுல ஒட்டினா ஆளாளுக்கு லீவு கேப்பீங்கன்னு இதுக்குள்ள போட்டுப் பூட்டிட்டேன். அவரும் உங்கள மாதிரி பட்டாளத்துக்காரர், லேட்டா கல்யாணம் பண்ணவர். தெரியாமலே போயிட்டார். இன்னைக்கும் லவினா ஆபீஸ் ஆபீஸா அலையுது, நான்தான் அவர் பொண்டாட்டின்னு நிரூபிக்க."

அசோகன் டிராயரை மூடினார்.

"அதுகிட்ட எல்லாத்தையும் ஒத்துக்கிட்டேன். என்ன பண்ணா என்னை மன்னிப்பேம்மான்னு கேட்டேன்."

கதவுக்கு வெளியே மாப் சத்தம் நின்றது.

"நான் மன்னிக்கல," என்றாள் லவினா. "தினமும் அவர் பேரைக் கூப்பிட்டுட்டு, அந்தப் பேப்பரைப் படிக்கச் சொன்னேன்."